ஊருக்கொரு முகமா?

ஒரே கதை, ஒரே களம், ஒரே கண்ணீர், ஒரே முடிவு. ஆனால் கதைத் தலைவனுக்கு மட்டும் முகம் இரண்டு! கிழக்கே பிறந்தவனுக்குக் காட்ட ஒன்று. மேற்கே பிறந்தவனுக்குக் காட்ட மற்றொன்று!

கூடுவிட்டுக் கூடு பாய்ந்த சித்தர் கதையோ, உருமாறி வந்து ஊரை ஏய்த்த தேவர் கதையோ என்று எண்ணிவிட வேண்டாம். புராணிகர் அளந்ததல்ல இது. கணக்கேடும் கையுமாக அமர்ந்த வணிகக் கோமான்கள், பட்டப்பகலில், பெரும் பொருள் முதலிட்டுச் செய்த காரியம். நடந்தது 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில். நடந்த இடம், வீடியோ விளையாட்டு எனும் புதிய மேடை.

வீடியோ விளையாட்டைப் பற்றியா இந்த ஏட்டில் எழுதுவது என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். கூத்தையும் நாடகத்தையும், பின்னர் திரைப்படத்தையும், 'வெறும் பொழுதுபோக்கு' என்று ஒதுக்கித் தள்ளியோர் ஒரு காலத்தில் இருந்தனர். அந்த வெறும் பொழுதுபோக்கு மேடையிலிருந்துதான் கருத்துப் புயல் கிளம்பிற்று என்பதை நாடு கண்டது. இன்று உலகின் இளைஞர்கள் இரவைப் பகலாக்கி விழித்திருக்கும் மேடை இது. அம்மேடையில் எவன் தலைவனாக நிறுத்தப்படுகிறான், எவன் திரைக்குப் பின்னே தள்ளப்படுகிறான், தள்ளுவோர் யார், எந்த உரிமையால் தள்ளுகிறார்கள் என்று கேட்பது நம் கடமை. கேட்காதிருப்பது மடமை.

இனிச் செய்திக்கு வருவோம்.

ஜப்பான் நாட்டு ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் அத்திங்களில் 'நியர்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. ஆக்கியது, கேவியா என்னும் நிறுவனம். இயக்கியவர், யோகோ டாரோ. யோனா என்றொரு சிறுமி. உடலெங்கும் கரிய எழுத்துக்கள் படர்ந்து உயிரைப் பறிக்கும் நோய் அவளைப் பற்றிக்கொள்கிறது. அவளைப் பிழைக்கவைக்க ஒருவன் வாளேந்திப் புறப்படுகிறான், ஊர்ப்புறத்தில் உலவும் நிழலுருவங்களை வெட்டி வீழ்த்துகிறான், காடு கடக்கிறான், பாலை கடக்கிறான், தன்னையே மறக்கிறான். யார் அவன்? அவளுக்கு என்ன உறவு?

'அண்ணன்' என்றது, ஜப்பானில் பிளேஸ்டேஷன் 3 கருவிக்கென விற்கப்பட்ட படி. மெலிந்த உடல், அரும்பு மீசையும் அறியாத இளமுகம். அந்தப் படிக்குப் பெயர் 'நியர் ரெப்ளிகண்ட்'. 'தந்தை' என்றது, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்கப்பட்ட படி. அகன்ற தோள், முறுக்கேறிய புயம், காலம் உழுதுபோட்ட முகம். உரையாடல் பெரும்பாலும் அதுவே, போர் அதுவே, யோனாவும் அவளே. உறவு மட்டும் மாறிற்று. உருவம் மட்டும் மாறிற்று.

ஏன் மாறிற்று?

முதலில் வரையப்பட்டவன் அண்ணன்தான். நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையினர் பார்த்தனர். மெலிந்த இளைஞனை எங்கள் நாட்டார் தலைவனாக ஏற்கமாட்டார்கள். முதிர்ந்தவன் வேண்டும், வலியவன் வேண்டும் என்று கருதினர். ஆகவே தந்தை பிறந்தார்! ஆக்கியோர் பின்னாளில் இதனை ஒளிக்காமல் எடுத்துரைத்தனர்.

கதைக்குத் தேவை என்று கதைத் தலைவனை மாற்றினால், அது கலைஞனின் உரிமை. முன்னதைவிடப் பின்னது உள்ளத்தை அதிகம் உருக்கும் என்று மாற்றினால், அது கலைஞனின் திறமை. ஆனால், காண்பவன் எந்த மண்ணில் பிறந்தான் என்று பார்த்து, அந்த மண்ணில் பிறந்தவனுக்கு இந்த முகம்தான் பிடிக்கும், வேறு பிடிக்காது என்று முடிவுகட்டி மாற்றினால், அதற்கு என்ன பெயர்? 'சந்தை அறிவு' என்று அவர்கள் பெயரிடுகின்றனர். சோதித்தறியாத ஊகத்தை உண்மையென்று நம்புவதற்கு நம் அகராதியில் வேறு பெயர் உண்டு. மூடநம்பிக்கை!

சோதித்தறியவில்லை என்று எப்படிச் சொல்வீர் என்று கேட்கலாம். கடையைப் பாருங்கள், தெரியும். ஜப்பானில் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கு 'நியர் கெஸ்டால்ட்' என்ற பெயரில் தந்தைப் படியும் விற்கப்பட்டது. ஆக, ஜப்பானியன் விரும்பினால் அண்ணனைக் காணலாம். அதற்குரிய கருவியிருந்தால் தந்தையையும் காணலாம். மேனாட்டானுக்கோ ஒரு முகம்தான். பிளேஸ்டேஷன் வாங்கினாலும் தந்தை. எக்ஸ்பாக்ஸ் வாங்கினாலும் தந்தை. இரண்டையும் அருகருகே வைத்து, 'நண்பா, எது வேண்டும்?' என்று கேட்டிருந்தால், அவன் விருப்பம் தெரிந்திருக்கும். ஒன்றை மட்டும் வைத்துவிட்டு, அவன் அதை எடுத்ததும், 'பார்த்தீர்களா, இதுதான் அவன் விருப்பம்' என்பது எந்த ஊர் நியாயம்? சோற்றை மட்டும் பரிமாறிவிட்டு, இவன் சோற்றுப் பிரியன் என்று பட்டம் கட்டுவது போலல்லவா இது!

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அதே 2010-ஆம் ஆண்டில், கூடுதல் கட்டணம் பெற்றுக்கொண்டு, அந்த விளையாட்டுக்கு ஓர் இணைப்பை வழங்கினர். மேனாட்டுப் படியில் அந்த இணைப்புக்குள் நுழைந்தால், ஆடுவோனின் கையில் வந்து நிற்பவன் யார்? அந்த அண்ணன்! வாசல் வழியாக வந்தால் வரவேற்பு இருக்காது என்று விரட்டப்பட்டவன், கொல்லைப்புற வழியாகக் கட்டணச் சீட்டோடு நுழைக்கப்படுகிறான்! விருப்பமில்லை என்றீர்களே, விரும்பாத பொருளுக்கா விலை வைத்தீர்?

அந்த நிறுவனத்தின் பழைய கணக்கேட்டைப் புரட்டியிருந்தாலும் போதுமே! எனிக்ஸுடன் 2003-ல் இணைவதற்கு முன்னர், ஸ்கொயர் நிறுவனம் 1997-ல் 'ஃபைனல் ஃபேன்டசி 7' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதன் தலைவன் கிளவுட், மெலிந்த உடலினன். முள்முள்ளாய்ச் சிலிர்த்த பொன்முடியினன். தன்னைவிடப் பெரிதோ என்று தோன்றும் வாளைச் சுமப்பவன். அமெரிக்கன் அவனைக் கண்டு முகம் திருப்பினானா? இலட்சம் இலட்சமாக வாங்கினான். இன்றளவும் நெஞ்சில் வைத்திருக்கிறான். 2002-ல் அதே நிறுவனம் 'கிங்டம் ஹார்ட்ஸ்' வெளியிட்டது. தலைவன் சோரா, சிறுவன். அவனையும் மேனாடு மடியில் வைத்துக் கொஞ்சிற்று. தன் பெட்டகத்தில் குவிந்த பணமே தன் ஊகத்தைப் பொய்யென்று கூறும்போதும், ஊகத்தைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பதை அறிவு என்று அழைக்க நமக்கு நா எழவில்லை.

நியர் ஒன்றுதானோ இத்தகைய விந்தைக்கு ஆளாயிற்று? இல்லை. இது பழைய நோய்.

1987-ல் காப்காம் நிறுவனம் 'ராக்மேன்' என்றோர் ஆட்டத்தை ஜப்பானில் வெளியிட்டது. நீல உடுப்பணிந்த இயந்திரச் சிறுவன் அதன் தலைவன். அவன் கையே பீரங்கி. அமெரிக்காவுக்கு வந்ததும் பெயர் 'மெகா மேன்' ஆயிற்று. பெயரோடு போயிற்றா? பெட்டியின் அட்டையில் சிறுவனைக் காணோம்! நீலமும் மஞ்சளுமாக உடையணிந்து, கையில் துப்பாக்கி பிடித்து, நிற்கத் தெரியாமல் நிற்கும் நடுவயது மனிதர் ஒருவர் வந்து குந்திக்கொண்டார். பெட்டிக்குள்ளே சிறுவன், பெட்டிக்கு மேலே கிழவன்! ஊர் சிரித்தது. எந்த அளவுக்குச் சிரித்தது தெரியுமா? 2012-ல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்' என்னும் ஆட்டத்தில், காப்காம் நிறுவனமே அந்த அட்டைப்பட மனிதரை ஒரு கோமாளிப் பாத்திரமாக்கி உலவவிட்டது. தன் பிழையைத் தானே எள்ளி நகையாடும் துணிவு அந்த நிறுவனத்துக்காவது இருந்தது, பாராட்டுவோம்.

கிர்பி என்றொரு பாத்திரம். நின்டெண்டோ கருவிகளில் வாழும் இளஞ்சிவப்புப் பந்து. குழந்தையின் கன்னம் போன்ற உருவம். 1992-ல் முதன்முதலாக அமெரிக்காவுக்குச் சென்றபோது, பெட்டியின் அட்டையில் அதற்கு வெள்ளை நிறம் பூசினர்! பின்னர் 2002-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வேறொரு திருத்தம். ஜப்பானிய அட்டையில் கிர்பி சிரிக்கும். அமெரிக்க அட்டையில் புருவத்தை நெரித்துச் சினக்கும். ஏன் என்றால், ஜப்பானில் அழகிய கிர்பி மக்களை ஈர்க்கிறது, அமெரிக்காவில் கடுமையாகப் போரிடும் வலிய கிர்பியே ஈர்க்கிறது என்ற கருத்தை, அவ்வாட்டத்தின் இயக்குநரே 2014-ல் வெளிப்படையாகக் கூறினார்.

இதன் மறுபக்கத்தையும் கேளுங்கள். அமெரிக்காவில் ஆக்கப்பட்ட 'ராட்செட் அண்டு கிளாங்க்' 2002-ல் வெளிவந்தது. அது ஜப்பானுக்குச் சென்றபோது, ராட்செட் என்னும் தலைவனுக்கு அடர்ந்து தடித்த கரும் புருவங்களை ஒட்டினர்! ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குக் கிளம்பினால் புருவம் நெரிய வேண்டும்; அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்குக் கிளம்பினால் புருவம் தடிக்க வேண்டும்! ஆளுக்குக் கடவுச்சீட்டு கேட்ட காலம் போய், புருவத்துக்கும் கடவுச்சீட்டு கேட்கும் காலம் வந்துவிட்டது!

சிரிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால், சிரிப்போடு நின்றுவிட முடியவில்லை நம்மால். அந்த அட்டைகளைப் பார்த்து வளர்ந்த சிறுவனை எண்ணிப் பாருங்கள். 'நீ அமெரிக்கச் சிறுவன். ஆகவே சிரிக்கும் முகம் உனக்கு அழகல்ல. சினம் கொள்' என்று அவனுக்குச் சொல்லாமல் சொல்லப்படுகிறது. 'மெலிந்தவன் வீரனாக மாட்டான். தங்கைக்காகக் கலங்கும் இளைஞன் ஆண்மகனாக மாட்டான். தோள் பருத்தவனே தலைவன்' என்று அவன் நெஞ்சில் எழுதப்படுகிறது. ஜப்பானியச் சிறுவனுக்கோ, 'நரைத்தவனும் நடுவயதினனும் உன் கதையில் தலைவராக மாட்டார்கள்' என்று எழுதப்படுகிறது. அவரவர் நாட்டின் குணம் இது என்று விற்பனையாளன் முதலில் ஊகிக்கிறான். அந்த ஊகத்துக்கேற்பப் படம் வரைகிறான். அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அந்தக் குணத்தைக் கற்றுக்கொள்கிறான். கற்றுக்கொண்ட பிள்ளையைக் காட்டி, 'பார், நான் அன்றே சொன்னேன்' என்று விற்பனையாளன் மார்தட்டுகிறான். விதைத்தவனே, விளைச்சலைக் காட்டி, இது தானாக முளைத்தது என்கிறான்!

இந்தச் சொற்சிலம்பத்தை நாம் வேறெங்கோ கேட்டதில்லையா? 'இந்தக் குலத்தில் பிறந்தவனுக்குப் படிப்பு ஏறாது' என்றனர், பள்ளியை அடைத்தனர், படிக்காதவனைக் காட்டி, 'பார், ஏறவில்லை' என்றனர். கொடுமையில் இரண்டும் ஒன்றென்று நாம் கூறமாட்டோம். ஒன்று, தலைமுறை தலைமுறையாக மனிதனை மண்ணில் தேய்த்தது. மற்றொன்று, கடைத்தெருவில் ஒரு பெட்டியின் அட்டையை மாற்றியது. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஆனால் எண்ணத்தின் வேர் ஒன்றே. மனிதனைக் கேட்காமல், அவன் பிறந்த இடத்தைக் கேட்டு, அவன் உள்ளத்தை அளந்துவிடலாம் என்ற இறுமாப்பே அந்த வேர். பிறப்பால் தகுதியை அளப்பது பிழையென்றால், பிறப்பால் சுவையை அளப்பது மட்டும் எப்படிச் சரியாகும்?

மறுப்போர் என்ன சொல்வர் என்பதையும் அறிவோம்.

'அந்தந்த நாட்டுக்கேற்பப் பொருளைத் திருத்தித் தருவது மரியாதையல்லவா? மொழிக்காகப் போராடிய நீங்களே இதை எதிர்க்கலாமா?' என்பர். நன்று கேட்டனர். மொழி வேறு, முகம் வேறு. ஒருவனுக்குப் புரியும் மொழியில் ஒன்றைத் தருவது, அவனுக்குக் கதவைத் திறப்பது. உரையாடலை மொழிபெயருங்கள், எழுத்தை அவன் கண்ணுக்குப் பழகிய வகையில் அமையுங்கள், காது கேளாதவனுக்கு வரிகள் தாருங்கள், நிறம் பிரித்தறியாதவனுக்கு நிறம் மாற்றித் தாருங்கள். இவை யாவும் அவன் கேட்கும் உரிமைகள். அவன் உள்ளே வருவதற்கான வழிகள். ஆனால், அவன் உள்ளே வந்ததும் எதைக் கண்டு மகிழ வேண்டும், எவனைக் கண்டு நெகிழ வேண்டும் என்று நீங்களே முடிவுகட்டி, மற்றதை மறைத்துவைப்பது கதவைத் திறப்பதாகுமா? அது, கதவைத் திறந்து கண்ணைக் கட்டுவது!

'வணிகன் வணிகம் செய்கிறான். அவனிடம் அறம் பேசிப் பயனென்ன?' என்பர். அறத்தை விடுங்கள், கணக்கையே பேசுவோம். 2017-ல் 'நியர் ஆட்டோமேட்டா' வெளிவந்தது. தலைவி, 2பி என்னும் இயந்திர மங்கை. கண்ணைக் கருந்துணியால் மூடி, கையில் வாளேந்தி வந்தாள். அமெரிக்காவுக்கென்று அவள் தோளை அகலப்படுத்தவில்லை. ஐரோப்பாவுக்கென்று அவளை முதியவளாக்கவில்லை. ஒரே முகத்தோடு உலகெங்கும் சென்றாள். பல பத்து இலட்சம் பேர் அவளைக் கொண்டாடினர். 2010-ஆம் ஆண்டின் நியரை ஆக்கிய கேவியா நிறுவனமோ, அவ்வாண்டே கலைக்கப்பட்டுப் போயிற்று.

அதன் பின்னர் நடந்தது, நம் வழக்கிற்குத் தீர்ப்பு. 2021 ஏப்ரலில், பழைய நியரைப் புதுக்கி உலகெங்கும் வெளியிட்டனர். எந்தத் தலைவனோடு? அண்ணனோடு! எந்த அமெரிக்கனுக்குப் பிடிக்காது என்று பதினோராண்டுகள் வாசலில் நிறுத்தினரோ, அந்த அமெரிக்கனுக்கே அவனை விற்றனர். சில திங்களுக்குள் பத்து இலட்சம் படிகளைக் கடந்ததாக நிறுவனமே அறிவித்தது. அண்ணனால்தான் அத்தனையும் விற்றது என்று நாம் மிகைபடக் கூறமாட்டோம். ஆட்டோமேட்டா தேடித் தந்த புகழும் துணைநின்றது. ஆனால், மெலிந்தவனைக் கண்டதும் மேனாட்டுக் கடைகள் கதவடைத்துவிடவில்லை. வானம் இடிந்து விழவில்லை. அதுபோதும், ஊகம் பொய்யென்று மெய்ப்பிக்க.

இத்தனையும் கூறுவதால், தந்தையைப் பழிப்பதாக எவரும் எண்ண வேண்டாம். அந்தத் தந்தை அரிய படைப்பு! இளமையும் எழிலும் இருந்தால்தான் தலைவனாகலாம் என்ற ஆட்ட உலகில், நோயுற்ற மகளுக்கு மருந்து தேடி அலையும் நடுவயது மனிதன், அழகற்ற முகத்தோடும் அயர்ந்த நடையோடும் தலைவனாக வந்தது புதுமை. மேனாட்டில் அவரை நெஞ்சார நேசித்தவர்கள் பலர்; இன்றும் நேசிக்கின்றனர். நம் குற்றச்சாட்டு தந்தையின்மீது அல்ல. அவரைப் படைத்த காரணத்தின்மீது. நல்ல பிள்ளை பிறந்துவிட்டது என்பதால், பொய்ச் சாதகம் பார்த்து நடத்திய மணம் சரியாகிவிடுமா?

அந்தத் தந்தைக்கு 2021-ல் என்ன நேர்ந்தது? அவர் மறைந்தார்! கூடுதலாகச் சேர்த்த ஒரு சிறு பகுதியில் சற்றே தலைகாட்டினார். கதை முழுவதையும் அவரோடு நடந்து காணும் வழி புதிய படியில் இல்லை. அன்று அண்ணனை மறைத்து ஒரு தவறு. இன்று தந்தையை மறைத்து மறு தவறு! ஒரு சுவரை இடித்துவிட்டு, அந்தக் கல்லையே எடுத்து மறுபக்கம் சுவர் எழுப்புவதா சீர்திருத்தம்? இரு முகமும் இருக்கின்றன. இரண்டும் உழைப்பால் உருவானவை. இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து, 'தேர்ந்தெடு' என்று சொல்ல என்ன தடை?

சொல்லியவர்கள் உண்டு. 2007-ல் தொடங்கிய 'மாஸ் எஃபெக்ட்' வரிசையில் தலைமைப் பாத்திரமான ஷெப்பர்டு ஆணா பெண்ணா, முகம் எத்தகையது என்பதை ஆடுவோனே முடிவு செய்கிறான். 2012-ல் வந்த மூன்றாம் பாகத்தின் அட்டையைத் திருப்பிப் போட்டால், ஆண் ஷெப்பர்டு இருந்த இடத்தில் பெண் ஷெப்பர்டு நிற்பாள். 2018-ல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி'யில் கசாண்ட்ரா என்னும் தமக்கையா, அலெக்சியோஸ் என்னும் தம்பியா, எவரோடு செல்வது என்பது ஆடுவோன் விருப்பம். வானம் இடியவில்லை, வணிகம் முறியவில்லை. எந்த நாட்டில் பிறந்தாய் என்று எவரும் கேட்கவில்லை. எது வேண்டும் என்றே கேட்டனர். இதுவன்றோ மனிதனை மனிதனாக மதிப்பது!

தோழர்களே! நியரின் கதைக்குள்ளேயே ஒரு பாடம் புதைந்து கிடக்கிறது. முதன்முறை ஆடுகையில், நிழலுருவங்கள் எழுப்பும் ஒலி நமக்கு வெறும் இரைச்சல். தலைவன் வெட்டுகிறான், நாமும் மகிழ்கிறோம். கதையை முடித்து, மறுமுறை ஆடுகையில், அந்த இரைச்சல் பேச்சாகப் புரிகிறது! அஞ்சுகின்றன, அழுகின்றன, தம்மவரைக் காக்கத் துடிக்கின்றன. பண்டைக்காலத்தில் கொள்ளைநோய்க்குத் தப்ப, உடலினின்று பிரிக்கப்பட்ட மனித உயிர்களே அந்த நிழல்கள் என்று கதை கூறுகிறது. வாளேந்திய தலைவனோ, அவ்வுயிர்கள் திரும்பிவரக் காத்திருக்க ஆக்கப்பட்ட உடல்! நிழல்களின் தலைவனும் தன் யோனாவைக் காக்கவே போராடினான் என்பது இறுதியில் தெரிகிறது. உடல் வேறு, உயிர் வேறு என்பதை உண்மையென்று ஏற்பவரல்லர் நாம். ஆனால் கதை, தன்னைக் கதையென்றே சொல்லிக்கொண்டு வரும்போது, அது உணர்த்தும் கருத்தை எடைபோடத் தயங்குபவருமல்லர். 'புரியவில்லை என்பதால் மற்றவன் பேச்சு இரைச்சலாகிவிடாது, கேள், அவனும் உன்னைப் போன்றவனே' என்பதே அக்கருத்து.

இத்தகைய பாடம் புகட்டும் கதையை விற்கக் கிளம்பியவர்கள், அந்தப் பாடத்தைத் தாங்களே படிக்கவில்லை! மேனாட்டுச் சிறுவன் எப்படிப்பட்டவன் என்று அவன் வாய்திறக்கும் முன்பே முடிவுசெய்தனர். அவன் பேச்சு அவர்களுக்கு இரைச்சலாகவே இருந்தது. முதல் ஆட்டத்தோடு நின்றுவிட்டனர். மறுமுறை ஆட அவர்களுக்குப் பதினோராண்டுகள் ஆயின.

'எங்கோ நடந்தது; நமக்கென்ன?' என்று இருந்துவிடலாமா? நம் வீட்டு முற்றத்தையும் சற்றே பார்ப்போம். நம் திரைப்பட வணிகத்தில், ஊர்களை 'ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர்' என்று தரம்பிரித்து, 'இந்தப் படம் பி, சி-யில் ஓடாது. அங்குள்ளவனுக்கு இது புரியாது' என்று நாற்காலியில் சாய்ந்தபடி தீர்ப்பு வழங்கும் வழக்கம் ஊறிப்போய்க் கிடக்கிறதே, அது எந்தப் பள்ளியில் கற்ற பாடம்? பேருந்து கடைசியாக நிற்கும் ஊரில் பிறந்தவன் மென்மையான கதையை விரும்பமாட்டான். அவனுக்கு அடிதடிதான் வேண்டும் என்பதும், அமெரிக்கனுக்குத் தோள்தான் வேண்டும் என்பதும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் அல்லவா? மேனாட்டு வணிகனைக் கேள்வி கேட்க நமக்குள்ள உரிமை, நம்மூர் வணிகனையும் கேட்டால்தான் முழுமைபெறும்.

இன்று நம் இளைஞர்கள் கைப்பேசியிலும் கணினியிலும் உலகோடு சேர்ந்து ஆடுகின்றனர். நாளை, 'தமிழ்நாட்டுக்கென்று ஒரு தலைவன்' என்று எவரேனும் வரைந்துகொண்டு வரலாம். வரட்டும், மகிழ்வோம். ஆனால் அவன் முகத்தை எதைக் கொண்டு வரைவார்கள்? நெற்றியில் ஒரு பட்டை, இடுப்பில் ஒரு அரிவாள், வாயில் ஒரு வசை; இதுதான் தமிழன் என்று வரைந்தால், நாம் கைதட்டுவதா? நமக்குத் தமிழில் பேசும் ஆட்டம் வேண்டும். அதை உரிமையோடு கேட்போம். நம் மண்ணின் கதையை நம் கலைஞர்கள் ஆக்க வேண்டும். அதைப் பெருமையோடு காண்போம். ஆனால், நம் பெயரால் நமக்காக வேறெவரோ தீட்டிய முகமூடியை, 'உனக்குப் பிடித்தது இதுதான்' என்று நீட்டினால், அதைத் திருப்பித் தரும் துணிவும் நமக்கு வேண்டும். தமிழில் பேசும் அந்த மெலிந்த அண்ணனையும், அந்த முதிர்ந்த தந்தையையும், கண்ணைக் கட்டிய 2பியையும் நாமும் காணத் தகுந்தவர்களே!

ஆட்டங்களை ஆக்கும் நிறுவனத்தாரே! மொழியை மாற்றுங்கள், முகத்தை மறைக்காதீர்கள். இரு முகம் இருந்தால், இரண்டையும் எங்கள் முன் வையுங்கள். தேர்வை எங்களிடம் விடுங்கள். எங்கே பிறந்தாய் என்று கேட்டு எங்கள் உள்ளத்தை அளக்காதீர்கள்.

இளைஞர்களே! உங்களுக்கு எது பிடிக்கும் என்று உங்களைக் கேட்காமலே சொல்லும் குரல் எங்கிருந்து வந்தாலும், கோயில் கருவறையிலிருந்து வந்தாலும், நிறுவனத்தின் கூட்ட அறையிலிருந்து வந்தாலும், ஒரே கேள்வியைக் கேளுங்கள்: 'உனக்கு யார் சொன்னது?'

சிரிக்க விரும்பும் சிறுவன் சிரிக்கட்டும். அவன் புருவத்தை நெரிக்க எவனுக்கும் உரிமையில்லை!